கணிதம், அறிவியல் புத்தகங்கள்: படித்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஊட்டி முத்தோரையிலிருந்து எழுதுகிறேன். ப்ளஸ் ஒன் படிக்கும் என் அண்ணன் மகள், இங்குள்ள ரேடியோ தொலைநோக்கியை ஏன் மலைச்சரிவில் கட்டினார்கள் என்று கேட்டாள். 530 மீட்டர் நீளமுள்ளது அது. சரிவின் சாய்வு இவ்விடத்தின் அட்சரேகைக்குச் சமமாக, சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடுகிறது. அந்த ஓர் அச்சில் திருப்பினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம் என்றேன். இப்படி விளக்கும் புத்தகம்தான் வேண்டும் என்கிறாள்.

ஹாக்கிங்கின் 'எ ப்ரீஃப் ஹிஸ்டரி ஆஃப் டைம்' கொடுத்தேன். அதில் ஐன்ஸ்டீனின் ஒரே ஒரு சமன்பாடுதான் உண்டு. பலருக்கு அது வசதி, இவளுக்கு அதுவே குறை. கணக்கைக் காட்டாமல் முடிவை மட்டும் சொன்னால் எப்படி என்கிறாள். அவள் பக்கம்தான் நியாயம் என்று எனக்கும் படுகிறது.

அப்புறம், ராமானுஜனைப் பற்றி ராபர்ட் கனிகல் எழுதிய வாழ்க்கை வரலாறு (1991) படித்தவர்கள் உண்டா? அதிலுள்ள கணிதம் இந்த வயதுக்குப் பிடிபடுமா?

சமன்பாடுகளைப் படிப்படியாக விளக்கும் புத்தகம் தமிழில் இருந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். பெயர் மட்டும் போதாது; எந்தப் பகுதி பிடித்தது, எங்கே சலித்தது என்றும் எழுதுங்கள். அடுத்த வாரம் கோவை போகிறேன், அங்கே வாங்கிவிடுவேன்.