இளம்பெண்களின் உடலமைப்பும் நுரையீரல் அளவுகளும்: ஒட்டுறவு பூச்சியமாக வருவது ஏன்?

கேள்வி:
வணக்கம். உடலியங்கியல் முதுநிலை ஆய்வுக்காக, புகைப்பழக்கமோ ஆஸ்துமாவோ இல்லாத 18 முதல் 25 வயது வரையிலான பெண்களுக்கு ஸ்பைரோமீட்டர் (மூச்சுக்காற்றின் அளவைப் பதியும் கருவி) சோதனை செய்துவருகிறேன். பி.எம்.ஐ., அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் குறியெண், கூடக்கூட எஃப்.வி.சி., அதாவது மூச்சை நிறைய இழுத்து முழு வேகத்தில் வெளியேற்றும் காற்றின் அளவு, குறையும் என்று எதிர்பார்த்தேன். ஆனால் இவ்விரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்து மாறுகின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு ஏறத்தாழப் பூச்சியம். மிக மெலிந்தவர்கள் பலருக்கும் அளவு குறைவாகவே உள்ளது. கருவியில் பழுதா, கணக்கில் கோளாறா?

மறுமொழி 1:
3 லிட்டர் சிரிஞ்சால் நாள்தோறும் சரிபார்க்கும்போது பிழை 3 விழுக்காட்டுக்குள் இருந்தால், கருவியைக் குறைசொல்ல வேண்டாம். ஒருவரின் மிகச் சிறந்த இரண்டு எஃப்.வி.சி. அளவுகள் 150 மில்லிலிட்டருக்கு மேல் வேறுபட்டால் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். காற்று முழுவதும் வெளியேறுமுன் நிறுத்திவிடுபவர்களுக்கு அளவு குறைத்தே பதிவாகும்.

மறுமொழி 2:
சிக்கல் கணக்கில்தான் இருக்கிறது என்று கருதுகிறேன். ஒட்டுறவுக் கெழு நேர்கோட்டுத் தொடர்பை மட்டுமே காட்டும். இரு முனைகளிலும் தாழ்ந்து நடுவில் உயரும் வளைகோடு அதற்குப் பூச்சியமாகவே தெரியும். மெலிந்தவர்களிடம் மூச்சுத்தசைகளின் வலிமை குறைவாக இருக்கலாம். பருமனானவர்களிடமோ, வயிற்றிலும் மார்புச் சுவரிலும் சேர்ந்த கொழுப்பு உதரவிதானம் கீழிறங்குவதைத் தடுக்கிறது. பி.எம்.ஐ. தசையையும் கொழுப்பையும் பிரித்துப் பார்ப்பதில்லை என்பதால், பயிற்சியால் தசை கூடிய பெண்ணும் கொழுப்பு கூடிய பெண்ணும் ஒரே எண்ணில் வந்து நிற்பார்கள். இடுப்புச் சுற்றளவையும் சேர்த்து அளப்பது நல்லது.

உயரத்தின் பங்கை முதலில் நீக்குங்கள். நுரையீரல் கொள்ளளவு உயரத்தோடு சேர்ந்து கூடுவதை ஆங்கிலேய மருத்துவர் ஹட்சின்சன் 1846-லேயே காட்டிவிட்டார். ஒருவரிடம் எதிர்பார்க்கும் நுரையீரல் அளவைக் கணிக்க 2012-இல் வெளியான ஜி.எல்.ஐ. சமன்பாடுகளிலும் வயது, உயரம், பால், இனக்குழு ஆகியவை உண்டு, எடை இல்லை. ஆகவே அவற்றிலிருந்து பெறும் இசட் மதிப்பை (எதிர்பார்த்த அளவிலிருந்து எவ்வளவு விலகியுள்ளது என்பதைக் காட்டும் எண்) பி.எம்.ஐ.யோடு ஒப்பிட்டால் எடையின் விளைவு மறையாது.

இன்னொன்று: பருமன் முதலில் குறைப்பது எஃப்.வி.சி.யை அன்று, வெளிச்சுவாச சேமிப்புக் கொள்ளளவை, அதாவது இயல்பாக மூச்சுவிட்ட பின்னும் முயன்று வெளியேற்றக்கூடிய காற்றின் அளவை. எஃப்.இ.வி.1 (வலிந்து ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்றின் அளவு), எஃப்.வி.சி. இரண்டும் சிறிதளவே, அதுவும் சேர்ந்தே குறைவதால், அவற்றின் விகிதம் பெரும்பாலும் இயல்பாகவே இருக்கும்.

கேட்டவர்:
நன்றி. என்னிடம் வலிந்து ஊதிய பதிவுகள் மட்டுமே உள்ளன. அவற்றிலிருந்து அந்தச் சேமிப்புக் கொள்ளளவைக் கணக்கிட முடியுமா?

மறுமொழி 2:
முடியாது. இயல்பாக மூச்சுவிடச் செய்து, அந்த இயல்பான வெளிமூச்சின் முடிவிலிருந்து மெதுவாக முழுவதும் வெளியேற்றச் சொல்லித் தனியே பதிவுசெய்ய வேண்டும். அதற்கு உங்கள் ஸ்பைரோமீட்டரே போதும். முழுவதும் ஊதிய பின்னும் நுரையீரலில் தங்கும் காற்றின் அளவான எஞ்சிய கொள்ளளவும் தேவையென்றால்தான் வேறு கருவி வேண்டியிருக்கும்.