வீட்டில் நோயாளி பார்க்கும் அக்காக்களுக்கு மறுபயிற்சி: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கோவை சிஸ்டர்:
அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது வீடுகளுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஏஜென்சியில் மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு எடுக்கிறேன். வருபவர்களில் பாதிப் பேர் முன்பு பனியன் கம்பெனியில் தைத்தவர்கள். சிலர் நைட் ஷிப்ட் முடித்து, குளித்துவிட்டு நேராக வந்து உட்காருவார்கள். கண் சொருகும், பாவம்.

பதிவு பெற்ற நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால் ஐந்து வருடத்தில் 150 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும். நோயாளி பக்கத்திலேயே 24 மணி நேரமும் இருக்கிற அட்டெண்டருக்கு அப்படி ஒரு கட்டாயமும் கிடையாது. சேரும்போது ஏதோ சில நாள் சொல்லிக்கொடுப்பார்கள், அதோடு சரி.

போன முறை படுக்கைப் புண் பற்றிப் பேசினோம். நல்ல அனுபவசாலி ஒருவர், "இடுப்புக்குக் கீழே சிவந்திருந்தா தேங்காய் எண்ணெய் போட்டு நல்லா அழுத்தித் தேச்சு விடுவேன் மேடம்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் படித்த காலத்தில் எங்களுக்கும் ஸ்பிரிட்டும் பவுடரும் போட்டுத் தேய்க்கத்தான் கற்றுக்கொடுத்தார்கள். ஏற்கெனவே ரத்த ஓட்டம் குறைந்த இடத்தைத் தேய்த்தால் உள்ளே இருக்கும் தசை இன்னும் சிதையும் என்று பிற்பாடுதான் பாடம் மாறியது. அவருக்கு யாரும் அதைச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஆளுக்கு ஆள் உள்ளங்கையை விரலால் அழுத்திப் பார்க்கச் சொன்னேன். விரலை எடுத்ததும் வெளுத்து, மறுபடி சிவக்கும். நோயாளியின் சிவந்த இடம் அப்படி வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்தப் பக்கம் பாரம் படக் கூடாது, வீட்டாரிடமும் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே சூடு, வீக்கம், கல்மாதிரி இறுக்கம் இவற்றைத் தொட்டுத்தான் பார்க்க வேண்டும். பாடப்புத்தகப் படங்கள் எல்லாம் வெள்ளைத் தோலாகவே இருப்பது தனிக் கதை.

திருச்சி மகன்:
அப்பாவுக்குப் பக்கவாதம், இடது பக்கம் வரவில்லை. பார்த்துக்கொள்ள வந்த அக்கா பாசமானவர், ஆனால் கட்டிலிலிருந்து எழுப்பும்போது இடது கையைப் பிடித்துத் தூக்குவார். தோள்பட்டையில் வலி என்று அப்பா முனகிக்கொண்டே இருந்தார். "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் வந்த பிசியோ தங்கச்சிதான் கண்டுபிடித்தார். செயலிழந்த பக்கம் தோள் மூட்டைத் தாங்கிப் பிடிக்கத் தசைக்குப் பலம் இருக்காது, கையை இழுத்தால் மூட்டு நழுவும் என்றார்.

சொன்னதோடு விடவில்லை. "நீங்க படுங்க சார்" என்று என்னையே நோயாளியாக்கி, ஒருக்களிக்க வைத்து, காலைக் கீழே தொங்கவிட்டு, இடுப்பைப் பிடித்து எழுப்பக் காட்டினார். அப்புறம் அக்காவைச் செய்யச் சொன்னார். ரெண்டாவது தடவையே கச்சிதமாக வந்துவிட்டது. நாற்காலியை நல்ல கை பக்கம் போட வேண்டும் என்பதும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கொஞ்ச நாளில் ஏஜென்சி அவரை வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டது. புதிதாக வந்தவர் முதல் நாளே கையைப் பிடித்து இழுத்தார்! ஏஜென்சியில் எல்லாருக்கும் பயிற்சி போய்ச் சேராவிட்டால் வீட்டுக்காரன்தான் ஒவ்வொரு தடவையும் வாத்தியார் வேலை பார்க்கணும்.

லண்டன் பராமரிப்பாளர்:
நான் யாழ்ப்பாணம், இங்கே வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பு வேலை செய்கிறேன். 2015இல் கொண்டு வந்த கேர் சர்டிஃபிகேட் என்று ஓர் அடிப்படைப் பயிற்சி இருக்கிறது, வேலைக்குச் சேருகிற புது ஆட்கள் அதைச் செய்து முடிக்க வேண்டும் என்றுதான் எதிர்பார்ப்பார்கள். அதற்குப் பிறகு எங்கள் நிறுவனத்தில் வருடா வருடம் ரிஃப்ரெஷர். கேட்க நல்லாத்தான் இருக்கும். அதில் முக்கால்வாசி இணையத்தில், வேலை முடிந்து வந்து சமைத்துக்கொண்டே கிளிக் பண்ணுகிற சங்கதி. அந்த நேரத்துக்குச் சம்பளமும் இல்லை.

ஆனால் ஹொய்ஸ்ட் வகுப்பு வேறு. நோயாளியைத் தூக்குகிற இயந்திரத்தில் எங்களையே தொங்க விட்டார்கள். கால் நிலத்தை விட்டு எழும்பினதும் எனக்கு நெஞ்சு பக்கென்றது. இப்போது ஒவ்வொரு அசைவுக்கும் முன்னால் "அம்மா, இப்ப தூக்கப்போறன்" என்று சொல்லிவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவேன்.

செல்வி:
நானே இந்த வேலைதான் செய்கிறேன், சென்னையில். வகுப்புக்குப் போக எங்களுக்கும் ஆசைதான். ஆனால் லீவு போட்டால் அன்றைக்குச் சம்பளம் கட். வீட்டுக்காரங்களும் "நீ போயிட்டா அம்மாவை யாரும்மா பார்ப்பா?" என்பார்கள். அவங்களையும் தப்பு சொல்ல முடியாது.

ஒரு தடவை போன வகுப்பு கைகொடுத்தது. இன்சுலின் ஊசியில் சிவப்பு மூடி ஒரு மில்லிக்கு 40 யூனிட் மருந்து இருக்கிற பாட்டிலுக்கு, ஆரஞ்சு மூடி 100 யூனிட் இருக்கிற பாட்டிலுக்கு என்று சொல்லியிருந்தார்கள். டிஸ்சார்ஜ் ஆகி வந்த பாட்டிக்குப் புதுப் பாட்டில் கொடுத்திருந்தார்கள், வீட்டில் இருந்ததோ பழைய சிவப்பு மூடி ஊசி. பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் 100 என்று போட்டிருக்கிறது. போடாமல் அவங்க மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன். மகள் டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, ஆரஞ்சு மூடி ஊசி வாங்கி வந்தார்.

கோவை சிஸ்டர்:
செல்விம்மா, அந்தச் சிவப்பு மூடி ஊசியில் 100 பாட்டிலிலிருந்து 20 கோடு வரை இழுத்திருந்தால், 20 யூனிட்டுக்குப் பதில் உள்ளே போயிருப்பது 50 யூனிட். வயதானவருக்குத் தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் வெளியே சட்டென்று தெரியாது. அடுத்த சனிக்கிழமை காலிப் பாட்டில்களும் ரெண்டு கலர் ஊசியும் எடுத்துப்போய், எல்லாரையும் தண்ணீரில் இழுத்துப் பார்க்க வைக்கப் போகிறேன். வருகிறவர்களுக்கு அரை நாள் சம்பளமாவது கொடுங்கள் என்று ஏஜென்சிக்காரரிடம் கேட்டிருக்கிறேன், "பார்க்கலாம் சிஸ்டர்" என்றிருக்கிறார். மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கிற வீடுகளில் இருந்து யாராவது எழுதுங்கள். அதற்கடுத்த மாதம் அதைத்தான் எடுக்கப் போகிறேன்.