பார் அழுத்தினா பியஸோவுல ரெண்டு கம்பி மட்டும் விட்டுவிட்டு கேக்குது, ஜி சுருதி ஏறி நிக்குது

மலையிறக்கம்:
வணக்கம். ஸ்ட்ராட் வடிவ எலெக்ட்ரிக் கிட்டார். ரெண்டு தூண்ல நிக்கிற ட்ரெமோலோ (பாரை அழுத்தினா கம்பிகளைத் தளர்த்துற, அசையுற பிரிட்ஜ்), மிதக்குற மாதிரி வெச்சிருக்கு. ஆறு சாடில்லயும் (பிரிட்ஜ்ல கம்பி உக்கார்ற துண்டு) பியஸோ (அதிர்வை மின்சாரமா மாத்துற சென்சார்), உள்ளே அந்த சிக்னலைப் பெருக்குற 9 வோல்ட் ப்ரீஆம்ப், காந்தப் பிக்கப்பையும் பியஸோவையும் கலக்க ஒரு நாப். கம்பி 10-46 (மெல்லிசு 0.010, தடிப்பு 0.046 இன்ச்), பின்னாடி ஸ்பிரிங் 3. சேலம் அஸ்தம்பட்டி வீட்ல நல்லாத்தான் இருந்துச்சு. ஏற்காட்டுல ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்ததிலிருந்து பாரை அழுத்தி விட்டா மூணாவது கம்பி ஜி மட்டும் சுருதி ஏறி நிக்குது. அழுத்துற நேரத்துல ஜியும் முதல் கம்பியும் பியஸோவுல வெட்டி வெட்டி வருது. காந்தப் பிக்கப்புல எந்தக் குறையும் இல்ல. பியஸோ சத்தமே அடிக்கனம் (பாஸ்) இல்லாம மெலிஞ்சு போச்சு, கூடவே சரசரப்பு. பாரை ஆட்டினா பின்னாடியிருந்து ஸ்பிரிங் சத்தம் வேற கேக்குது.

பேட்டரி புதுசு. நாலாவது ஸ்பிரிங் சேக்கலாமா? சாடில் செட்டையே மாத்தச் சொல்றாங்க, அது வேணுமா?

மூணுஸ்பிரிங்:
ஸ்பிரிங் சேக்க வேண்டாங்க, சாடிலையும் இப்போ மாத்த வேண்டாம். சுருதிக் கோளாறு வேற, சத்தக் கோளாறு வேற. ரெண்டையும் பிரிச்சுப் பாருங்க. நான் சுருதியை மட்டும் சொல்றேன்.

10-46 செட் சாதாரண சுருதியில மொத்தமா சுமார் 46 கிலோ இழுக்கும், 9-42 சுமார் 38 கிலோ. பின்னாடி இருக்குற ஸ்பிரிங் அந்த இழுப்பைச் சமன் பண்ணித்தான் பிரிட்ஜ் மிதக்குது. நாலாவது ஸ்பிரிங் போட்டா கிளா (ஸ்பிரிங் மாட்டுற தகடு) திருகுகளைத் தளர்த்தி மறுபடி அதே சமநிலைக்குத்தான் வரணும். பார் கனமாகும், சிக்குற கம்பி சிக்கிட்டேதான் இருக்கும்.

ஆறு கம்பியும் ஒரே பக்கமா தப்பிச்சுன்னா தூணையும், பிரிட்ஜ் அதுல சாயுற கத்திமுனையையும் சந்தேகப்படணும். ஒரே கம்பி தப்புறப்ப முதல்ல பாக்க வேண்டியது நட், அதாவது கழுத்து முனையில கம்பிகள் பள்ளத்துல உக்கார்ற துண்டு. பாரை அழுத்துறப்ப கம்பி தளர்ந்து, ட்யூனர் பக்கம் கொஞ்சம் நழுவிப் போகும். விட்டதும் நட் பள்ளம் வழியா திரும்பி வரணும். பள்ளம் இறுக்கிப் பிடிச்சா வராது, நட்டுக்கும் சாடிலுக்கும் நடுவுல கம்பி குறைஞ்சு சுருதி ஏறும். உங்க ஜி அப்படியே பொருந்துது. கம்பியை வளைச்சு வாசிச்சிட்டு விட்டா இதே சிக்கல் தலைகீழா, சுருதி இறங்கித் தெரியும்.

உறுதிப்படுத்த, சுருதி ஏறி நிக்கிறப்ப நட்டை ஒட்டி வாசிக்கிற பக்கம் ஜியை மெதுவா மேல தூக்கி விடுங்க. 'டிக்'னு ஒரு சின்னச் சத்தத்தோட சுருதி இறங்கிச்சுன்னா நட்தான். தலைப்பகுதியில ஜிக்கு மேல கொக்கி இருந்தா அதுக்குக் கீழயும் பாருங்க, அங்கயும் உரசும்.

10-46 செட்ல ஜி 17 தௌ (இன்ச்ல ஆயிரத்துல 17 பங்கு), அதாவது 0.43 மி.மீ. பள்ளம் அதைவிட 0.05 மி.மீ. அளவுக்கு அகலமா இருந்தா போதும். நட் அரம் கைவசம் இல்லேன்னா செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்கு ஊசி அரம் விக்கிற கடைகள்ல கேளுங்க. உருண்டை அரம்தான், அதுலயும் இருக்கறதுலயே மெல்லிசு. முக்கோண அரம் வேண்டவே வேண்டாம், கம்பி வி (V) வடிவப் பள்ளத்துல இறங்கி இன்னும் இறுக்கமா மாட்டும். பக்கச் சுவரை மட்டும் ரெண்டு மூணு தடவை இழுத்துட்டு நிறுத்தி, கம்பியைப் போட்டுப் பாருங்க. அடியில ஒரு இழுப்பு கூடிப்போனாலும் திறந்த கம்பி முதல் ஃப்ரெட்ல அடிக்க ஆரம்பிக்கும், அப்புறம் நட்டே மாத்தணும். கடைசியா 6பி பென்சில் தூள் கொஞ்சம்.

சால்டர்புகை:
பியஸோ பக்கம் நான் சொல்றேன். பார் அசையும்போது மட்டும் வெட்டுதுன்னா சாடில் செத்துப்போச்சுன்னு அர்த்தம் இல்ல, பெரும்பாலும் ஒயர்தான். சாடிலிலிருந்து வர்ற ஒயர் தலைமுடி மாதிரி மெல்லிசு. அது பிரிட்ஜ் தட்டுக்குக் கீழ இறங்கி, ட்ரெமோலோ பிளாக்குக்கும் (பிரிட்ஜுக்கு அடியில ஸ்பிரிங் மாட்டுற உலோகக் கட்டை) மரத்துக்கும் நடுவுல போகும். தொய்வு பத்தலேன்னா ஒவ்வொரு அழுத்தத்துக்கும் இழுபடும், இல்லேன்னா மர விளிம்புல நசுங்கும்.

சாடில் ஒயர் எல்லாத்தையும் ப்ரீஆம்ப்லயிருந்து கழட்டுங்க. மாட்டி வெச்சே அளந்தா ப்ரீஆம்போட உள் தடையைத்தான் அளப்பீங்க. மல்டிமீட்டர்ல கெப்பாசிட்டன்ஸ் (மின்தேக்க அளவு, பைக்கோஃபாரட்ல வரும்) வெச்சு ஒவ்வொரு சாடிலையும் தனித்தனியா பாருங்க. எத்தனை பைக்கோஃபாரட்ங்கறது தயாரிப்பைப் பொறுத்து மாறும், ஆனா ஆறும் ஒண்ணுக்கொண்ணு பக்கத்துல வரணும். பாரை அழுத்திட்டே அளங்க. திடீர்னு சில பத்து பைக்கோஃபாரட்டுக்கு விழுந்தா ஒயர் அறுந்திருக்கு, மீட்டர் மிச்ச ஒயரை மட்டும் அளக்குது. அடுத்து தடை. நல்ல பியஸோ மீட்டருக்கு அறுந்த சுற்று மாதிரிதான் தெரியும், ஓஎல் (மீட்டரோட எல்லையைத் தாண்டிடுச்சுன்னு அர்த்தம்) காட்டணும். எண் ஏதாவது காட்டினா கசிவு.

அடிக்கனம் போனதுக்கு அந்தக் கசிவுதான் காரணமா இருக்கும். சாடில் ஒண்ணு 500 பைக்கோஃபாரட்னு வெச்சுக்கிட்டா ஆறும் இணையா 3000. கசிவு 200 கிலோ ஓம்னா, சுமார் 265 ஹெர்ட்ஸுக்குக் கீழ எல்லாம் தேய ஆரம்பிக்கும். திறந்த ஆறாவது கம்பி 82, ரெண்டாவது 247. முதல் கம்பி தவிர மத்த எல்லாத்தோட அடிச் சுருதியும் அந்தக் கோட்டுக்குக் கீழ வந்துடுது. 10 மெகா ஓம் இருந்தா அதே கோடு 5 ஹெர்ட்ஸுக்குப் போயிடும், காதுக்குத் தெரியவே தெரியாது. பியஸோவை ப்ரீஆம்ப் இல்லாம நேரா மிக்சர் லைன்ல சொருகினா தகர டப்பா மாதிரி கேக்குறதும் இதனாலதான்.

ஸ்பிரிங் சத்தத்துக்கு ஒவ்வொரு ஸ்பிரிங் உள்ளயும் ஒரு பஞ்சு ரப்பர் துண்டு நுழைச்சு விடுங்க. பியஸோ உலோகத்துல வர்ற அதிர்வை எல்லாம் கேக்கும், காந்தப் பிக்கப் மாதிரி கண்டுக்காம விடாது.

மலையிறக்கம்:
நன்றிங்கண்ணா. ஜியைத் தூக்கினதும் டிக்னு இறங்குச்சு, நட்தான். மீட்டர்ல நாலு சாடில் 480லிருந்து 510. ஜியும் முதல் கம்பியும் பார் சும்மா இருக்கறப்ப அதே அளவு, அழுத்தினா 40க்கு விழுது. ஆறையும் சேத்துத் தடை பாத்தா 180 கிலோ ஓம் சுத்தி ஆடுது. தனித்தனியா எல்லாமே ஓஎல். மூடுபனியில சாடில் நனைஞ்சிருக்குமோ?

பனிமூட்டம்:
தனித்தனியா ஓஎல், சேந்தா 180 கிலோன்னா சாடில் ஆறும் நல்லா இருக்கு. கசிவு, ஒயர் ஆறும் சேர்ற சின்ன போர்டுல. சால்டர் பண்ணினப்போ தங்கின ஃப்ளக்ஸ் பிசினும் கை வியர்வை உப்பும் ஈரத்தை இழுத்து ரெண்டு முனைக்கும் பாலம் போடும். சரசரப்பும் அதுலயிருந்து வரலாம்.

மூடுபனியை மட்டும் குத்தம் சொல்ல முடியாதுங்க. ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், சேலத்தைவிட எட்டு டிகிரி அளவு குறைவா இருக்கும். கீழேயிருந்து சூடா போற கிட்டார் மேல அங்க நீர் படியாது. படியறது இறங்கி வர்றப்ப. விடியக்காலைக் குளிர்ல கிடந்த பிரிட்ஜ், 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கினதும் சேலத்து ஈரக் காத்துல திறந்தா, குளிர்ந்த சொம்பு மாதிரி வேர்க்கும். பையைத் திறக்காம முக்கால் மணி நேரம் வெச்சிருந்து அப்புறம் எடுங்க. மேல போனதும் சுருதி ஏறுறது குளிர்ல கம்பி சுருங்கறதால. அது நிமிஷக் கணக்குல நடக்கும், திரும்ப சுருதி சேத்தா போதும். கழுத்து மரம் ஈரம் குடிச்சு வளையுறதுக்கு நாள் கணக்குல ஆகும், ரெண்டு ராத்திரிக்கு ட்ரஸ் ராடைத் (கழுத்துக்குள்ள வளைவைச் சரிபண்ற உலோகத் தண்டு) தொடாதீங்க.

போர்டைச் சுத்தம் பண்ண 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் பழைய டூத்பிரஷ்ஷும். கை கழுவுற சானிடைசர் கூடாது, அதுல தண்ணியும் கிளிசரினும் இருக்கும், கசிவு இன்னும் கூடும். துடைச்சிட்டு ஒரு நாள் நிழல்ல காய விடுங்க. ஹேர் டிரையர் வேண்டாம்.

அறுந்த ரெண்டு ஒயரையும் சாடில் பக்கம் சால்டர் பண்ணாதீங்க. சூடு ஏறினா பியஸோ உணர்ச்சியை இழந்துடும், அப்புறம் நிஜமாவே சாடில் வாங்கணும். நசுங்கின இடத்தை வெட்டி எடுத்துட்டு, புது மெல்லிய ஷீல்டு ஒயரை நடுவுல ஒட்டுங்க. 25 வாட் சால்டரிங் இரும்பு, ஒரு ஒட்டுக்கு ரெண்டு செகண்ட், சாடில் பக்கம் இடுக்கியால பிடிச்சுக்கிட்டு. ஒட்டு மேல ஹீட் ஷ்ரிங்க் (சூடு பட்டா சுருங்குற குழாய்). நீளம் வெட்டுறதுக்கு முன்னாடி பாரை முழுசா அழுத்திப் பிடிச்சு, அந்த நிலையிலயும் 2 செ.மீ. தொய்வு இருக்கற மாதிரி பாத்துக்குங்க. மர விளிம்பு கூர்மையா இருந்தா உப்புத்தாள் போட்டு மழுக்கிடுங்க.

திரும்ப மாட்டினதும் ஒவ்வொரு சாடிலோட ரெண்டு உயரத் திருகும் தட்டுல சமமா அழுந்தி நிக்குதான்னு பாருங்க. ஒண்ணு தூக்கிட்டு இருந்தா அந்தக் கம்பி மட்டும் சன்னமா கேக்கும், மறுபடி ஒயரைச் சந்தேகப்படுவீங்க.

மலையிறக்கம்:
போர்டு துடைச்சு ஒரு நாள் ஆச்சு. ஆறும் சேத்து இப்போ ஓஎல், அடிக்கனம் திரும்ப வந்துடுச்சு. ரெண்டு ஒயரும் பிளாக் ஓரத்துல, ஒரே இடத்துல நசுங்கியிருந்துச்சு. இன்னிக்கு ஒட்டிட்டேன், அழுத்தினாலும் 490 நிக்குது. அரம் நாளைக்குத்தான் செவ்வாய்ப்பேட்டையில வாங்கணும், அதுவரை பென்சில் தூள்ல ஓட்டுறேன்.