வழிகாட்டி கிடைத்ததும் கிடைக்காததும்: உங்கள் அனுபவம்?

பதிவு 1
வேலையில் சேர்ந்த புதிது. ஒரு வாடிக்கையாளருடன் சிக்கலான பேச்சுவார்த்தை. என் மூத்தவர் "பக்கத்தில் உட்கார், கவனி" என்று கூட்டிப் போனார். வெளியே வந்ததும், "நான் எங்கே தடுமாறினேன், சொல்லு" என்றார். சோதிக்கிறார் என்றுதான் நினைத்தேன். தயங்கித் தயங்கி, அவர் குரலை உயர்த்திய இடத்தைச் சொன்னேன். உடனே நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்! இன்று எனக்குக் கீழே வேலை செய்பவர்களிடம் நானும் அதே கேள்வியைக் கேட்கிறேன். "நல்லாத்தான் பேசினீங்க" என்று நழுவிவிடுகிறார்கள். அவர் என்னை எப்படிச் சொல்ல வைத்தார் என்பது இன்னும் பிடிபடவில்லை.

பதிவு 2
கொடுத்து வைத்தவர் நீங்கள். துறை மாறலாமா என்று கேட்க ஒருவரிடம் போனேன். வாயைத் திறந்ததுமே "உன் வயசில் நான்..." என்று ஆரம்பித்துவிட்டார். கடைசியில் தோளைத் தட்டி, "இப்ப தெளிவாயிட்டியா?" என்றார். என் கேள்வி என்னவென்றே அவருக்குத் தெரியாது. அப்புறம் யாரையும் தேடிப் போகவில்லை.

பதிவு 3
ஒருவரை வைத்து எல்லாரையும் ஒதுக்காதீர்கள். கணிதமேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜின் கணித அறிஞர்கள் பேக்கர், ஹாப்சன் இருவருக்கும் எழுதிப் பார்த்தார், பலனில்லை. 1913 ஜனவரியில் அங்கேயே இருந்த இன்னொரு கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதினார்; அவர் கைகொடுத்தார். வெறும் வேண்டுகோள் இல்லை; தான் கண்ட தேற்றங்களைப் பக்கம் பக்கமாக இணைத்திருந்தார். நீங்களும் செய்த வேலையைக் கொண்டு போங்கள். "எனக்கு வழிகாட்டியாக இருங்கள்" என்று முதல் நாளே கேட்டால் யாரும் மிரளத்தான் செய்வார்கள். "இந்தப் பக்கத்தை மட்டும் பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். அவர் சொன்னதைச் செய்து பார்த்து, என்ன ஆனது என்று திரும்பப் போய்ச் சொல்லுங்கள். பலர் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மொழிபெயர்ப்பு கற்றுத் தந்தவர், நூலகத்தில் ஒரு பத்தியைக் காட்டப் போய்க் கிடைத்தவர்தான்.

பதிவு 4
பெரியவர்களுக்கு இது சரி. பிள்ளைகள் விஷயம் வேறு. தன்னார்வத் திட்டம் ஒன்றில் ஒரு பையனுக்குத் துணையாக இருந்தேன். திட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். சொன்னதும் அவன் கேட்டான்: "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா அக்கா?"

கிராஸ்மன், ரோட்ஸ் இருவரும் 2002இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வைப் பிறகுதான் படித்தேன். ஓராண்டும் அதற்கு மேலும் நீடித்த வழிகாட்டி உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு அதிகப் பலன். 3 மாதத்துக்குள் முறிந்துபோனவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு குறைந்திருக்கிறது. அந்தப் பையன் முகத்தில் நான் பார்த்தது அதுதான். ஓராண்டு வர முடியாதவர்கள் தயவுசெய்து இதில் சேர வேண்டாம். ஒருநாள் பயிற்சி வகுப்பு நடத்திக் கொடுங்கள், அதுவும் பெரிய உதவிதான்.