அப்பாவின் அலமாரியில் 143 படங்கள்

*எங்கள் குடும்ப அரட்டைக் குழுவில், ஞாயிறு*

அப்பா: இன்று அலமாரியை முழுவதும் இறக்கி எண்ணிவிட்டேன். உறை பிரிக்காத டிவிடி, பாதியில் நிறுத்தியது, ஹார்ட் டிஸ்கில் கிடப்பது எல்லாம் சேர்த்து பார்க்காத படங்கள் 143. தொடர்கள் தனி.

பெரியக்கா: அவ்வளவா!

தம்பி: டிவி ஆப்களில் 'பிறகு பார்க்க' என்று போட்டு வைத்திருப்பது இதில் சேரவில்லையே அப்பா?

அப்பா: சேர்க்கவில்லை. எண்ணி முடித்ததும் மனதுக்குக் கஷ்டமாகிவிட்டது. ஒவ்வொன்றும் ஆசைப்பட்டு வாங்கியது.

நான்: கஷ்டப்படாதீர்கள் அப்பா. ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம் என்று வைத்தால் 286 மணி நேரம். வாரத்துக்கு இரண்டு பார்த்தால் 72 வாரத்தில் முடிந்துவிடும். ஒன்றரை வருடம்கூட ஆகாது.

பெரியக்கா: தொடர்களை மட்டும் இந்தக் கணக்கில் கலக்காதீர்கள். 'தி வயர்' ஒன்றே ஐந்து சீசன், 60 அத்தியாயம். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்தை ஒட்டி வரும். அதைப் பார்க்கிற நேரத்தில் 30 படம் பார்த்துவிடலாம். நான் பார்த்துவிட்டேன், அவ்வளவு நேரமும் தகும். ஆனால் இப்போது தொடங்கினால் அலமாரி அப்படியேதான் இருக்கும்.

அம்மா: உங்கள் அப்பா தினமும் ராத்திரி ரிமோட்டை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் தேடுகிறார். கடைசியில் நாலு தடவை பார்த்த படத்தையே போடுகிறார். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே கண் சொக்கிவிடுகிறது.

அப்பா: உண்மைதான். நல்ல படமாயிற்றே, களைப்பில் பார்த்து வீணாக்கக் கூடாது என்று தள்ளிவைக்கிறேன். அப்படித் தள்ளியதுதான் இத்தனையும்.

நான்: அப்பா, ராத்திரி உட்கார்ந்த பிறகு தேர்ந்தெடுக்காதீர்கள். காலையிலேயே முடிவு செய்து, டிஸ்கை எடுத்து பிளேயர் மேல் வைத்துவிடுங்கள். மூன்று மாதமாக நான் இப்படித்தான் செய்கிறேன். ராத்திரி எட்டு மணிக்கு மனம் ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கேட்கும். காலையில் கேட்டால் உண்மையான ஆசையைச் சொல்லும். அப்புறம், எது சிறந்த படம் என்று வரிசைப்படுத்தவும் வேண்டாம். எது முதலில் கையை விட்டுப் போய்விடுமோ அதை முதலில் பாருங்கள்.

தம்பி: ஆப்களுக்கு இது ரொம்பப் பொருந்தும் சின்னக்கா. உரிமம் முடிந்தால் படம் தளத்தை விட்டே போய்விடும். சிலவற்றில் கடைசி நாளைக்கூடப் போட்டிருப்பார்கள். போன மாதம் நான் இரண்டு வருடமாகச் சேர்த்து வைத்திருந்த ஒன்று, பார்க்கலாம் என்று போனபோது இல்லை.

சித்தப்பா: டிஸ்குக்கும் காலக்கெடு உண்டு அண்ணா. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளியாகப் பளபளத்தால் கம்பெனியில் அச்சிட்டது, பெரும்பாலும் தாங்கும். ஊதா சாயல் தெரிந்தால் வீட்டில் எழுதியது. அதில் சாயப் படலத்தில்தான் படம் பதிந்திருக்கிறது. வெளிச்சமும் சூடும் பட்டால் அந்தச் சாயம் கெட்டுப்போகும். அவற்றை முதலில் ஹார்ட் டிஸ்கில் ஏற்றுங்கள். அந்த ஹார்ட் டிஸ்குக்கும் இன்னொரு நகல் வேண்டும், அது சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிடும். துடைக்கும்போது மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக இழுங்கள். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் பிளேயர் படிக்கத் திணறும்.

அப்பா: நான் இத்தனை வருடமும் வட்டமாகத்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். சரி, மாற்றிக்கொள்கிறேன்.

*புதன்*

அப்பா: ஊதா டிஸ்க் 31 இருந்தது. நாலைந்து ஓடவே இல்லை. மற்றவற்றை ஏற்றிவிட்டேன். சின்னவள் சொன்னபடி மூன்று நாளும் காலையிலேயே எடுத்து வைத்தேன், இரண்டு படம் முடிந்தது.

நான்: நல்ல தொடக்கம் அப்பா!

பெரியக்கா: 'செவன் சாமுராய்' 207 நிமிடம் என்று பயந்துதானே இத்தனை நாள் தொடாமல் வைத்திருக்கிறீர்கள்? இயக்குநர் குரோசாவா படத்துக்குள்ளேயே இடைவேளை வைத்திருக்கிறார். அந்த இடத்தில் நிறுத்தி, மறுநாள் மீதியைப் பாருங்கள். போலந்து இயக்குநர் கிஸ்லோவ்ஸ்கியின் 'டெகலாக்' இன்னும் எளிது. பத்து அத்தியாயம், ஒவ்வொன்றும் தனிக் கதை, ஏறக்குறைய ஒரு மணி நேரம். களைப்பான நாளுக்கு அதில் ஒன்று போதும்.

பெரியக்கா: இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள். யாரோ புகழ்ந்தார்கள் என்பதற்காக வாங்கியவை இருக்கும். இப்போது பார்க்கத் தோன்றாவிட்டால் கொடுத்துவிடுங்கள்.

அப்பா: கோபம் இல்லை. நேற்றே பிரித்தேன். 22 படங்களை உன் சித்தப்பா எடுத்துக்கொள்ளட்டும்.

சித்தப்பா: சந்தோஷம் அண்ணா.

அப்பா: ஆனால் இரண்டை நான் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். சத்யஜித் ராயின் 'பதேர் பாஞ்சாலி'யை நீங்கள் மூவரும் பள்ளியில் படிக்கும்போது சேர்ந்து பார்த்தோம், நினைவிருக்கிறதா? அது 1955இல் வந்தது. அடுத்த இரண்டு பாகங்கள் 1956, 1959. அவற்றை மூன்று பேரும் ஒன்றாக வரும்போது போடலாம் என்று வைத்தேன். ஒருத்தி வந்தால் ஒருவன் வர முடியவில்லை. அப்படியே இருந்துவிட்டது.

தம்பி: ரயில் பார்க்க ஓடுகிற காட்சி நினைவிருக்கிறது அப்பா. நீங்கள் இதற்காகக் காத்திருந்தது தெரியாது.

நான்: எனக்கும் தெரியாது.

பெரியக்கா: எல்லாரும் ஒரே வீட்டில் கூடும் வரை காத்திருக்க வேண்டாம். இந்தச் சனிக்கிழமை எட்டு மணிக்கு அவரவர் வீட்டில் ஒரே நேரத்தில் தொடங்குவோம்.

தம்பி: அப்பா, உங்களிடம் இருப்பது பழைய டிவிடிதானே? அதை விட்டுவிட்டு எல்லா வீட்டிலும் சீரமைத்த பதிப்பைப் போடுவோம். 1993இல் லண்டனில் ஒரு பிலிம் லேப் தீப்பிடித்தபோது இந்தப் படங்களின் நெகட்டிவ்களும் எரிந்தன. தப்பியவற்றையும் வேறு பிரதிகளையும் வைத்து, வருடக்கணக்காக வேலை செய்து, 2015இல் மறுபடி திரைக்குக் கொண்டுவந்தார்கள். பழைய பதிப்பில் பார்த்தவர்களுக்கு அது புதுப் படம் போல இருக்கும்.

அப்பா: தீயிலிருந்து மீட்டதை நான் அலமாரியில் பூட்டி வைத்திருந்திருக்கிறேன். சனிக்கிழமை உறுதி.

*சனி*

அம்மா: நேற்று ஒரு படம் போட்டோம். புது டிவியில் எல்லாப் படமும் சீரியல் எடுத்த மாதிரித் தெரிகிறது. உங்கள் அப்பா டிஸ்கில்தான் கோளாறு என்கிறார்.

தம்பி: டிஸ்கில் இல்லை அம்மா, டிவி அமைப்பில் இருக்கிறது. சினிமா ஒரு நொடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில் எடுக்கப்படுகிறது. டிவி இடையிடையே தானாகப் புதுப் பிரேம்களை உருவாக்கிச் சேர்க்கிறது, அதனால்தான் அந்த வழுவழுப்பு. பட அமைப்புகளில் 'மோஷன்' என்ற சொல் வரும் பகுதியை அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதை வைத்தாலே போதும்.

அம்மா: அணைத்தாயிற்று. இப்போது சினிமா மாதிரி இருக்கிறது. சப்டைட்டில்தான் வேகமாக ஓடிவிடுகிறது.

நான்: எழுத்தைப் பெரிதாக்குங்கள் அம்மா, அமைப்பிலேயே இருக்கும். பிடிபடாத இடத்தில் 'நிறுத்து' என்று இங்கே எழுதுங்கள், நாங்களும் நிறுத்துகிறோம்.

அப்பா: எட்டாகிவிட்டது. தொடங்குகிறேன்.

பெரியக்கா: தொடங்கிவிட்டேன்.

தம்பி: நானும்.

நான்: ஓடுகிறது.

அம்மா: நிறுத்து

தம்பி: நிறுத்திவிட்டோம் அம்மா. சப்டைட்டிலா?

அம்மா: இல்லை. பையன் படிக்கக் கிளம்புகிறான், அவன் அம்மா வாசலில் நிற்கிறாள். கொஞ்சம் இருங்கள்.

அம்மா: சரி, போடுங்கள்.

அப்பா: முடிந்தது. மூன்றாவது பாகம் நாளைக்கு, அதே எட்டு மணி. காலையிலேயே இங்கே எழுதிவிடுகிறேன்.

அம்மா: அது இருக்கட்டும். இப்போது மூன்று பேரும் போன் செய்யுங்கள்.

தம்பி: இதோ அம்மா, கூப்பிடுகிறேன்.