கெளுத்தி முள் குத்திய இடம்

குழு: காசிமேடு சொந்தங்கள்
மே மாதம், ஞாயிற்றுக்கிழமை

காலை 7:12
பாபு சித்தப்பா: (பலமுறை பார்வர்டு செய்யப்பட்டது) தமிழனுக்குத் தோல் புற்றுநோய் வராது! கறுப்புத் தோலே நம் கவசம்! வெயிலுக்கு கிரீம் பூசுவது வெள்ளைக்காரன் வியாபாரம். பத்து பேருக்கு அனுப்பவும்.

செல்வி அத்தை: நல்லா அனுப்பினாய் போ. எங்கள் வீட்டுக்காரர் இதைப் படித்துவிட்டு, தலைக்குத் துண்டுகூட இல்லாமல் வலை பழுது பார்க்கப் போய்விட்டார். கத்திரி வெயில் என்ற பயமே இல்லை.

கார்த்திக்: கறுப்புதான் கெத்து 🖤

7:40
நிவேதா: நைட் டியூட்டி முடிந்து இப்போதுதான் பஸ் ஏறினேன். சித்தப்பா, நீங்கள் போட்டது பாதி உண்மை, பாதி வம்பு. தோலுக்கு நிறம் தருகிற மெலனின் அதிகம் என்பதால் வெயிலால் வரும் தோல் புற்றுநோய் நமக்குக் குறைவு. அது சரி. ஆனால் வராது என்பது பொய்.

நிவேதா: அதில் மோசமானது மெலனோமா. நம்மைப் போன்ற நிறக்காரர்களுக்கு அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடி என்று வெயில் அவ்வளவாகப் படாத இடத்தில்தான் வரும். அங்கெல்லாம் யார் குனிந்து பார்க்கிறார்கள்? முற்றின பிறகு வருகிறவர்களைத்தான் வார்டில் பார்க்கிறேன்.

பாபு சித்தப்பா: அப்போ வெயிலில் தாராளமாக நிற்கலாம் என்கிறாய்.

நிவேதா: அப்படி எங்கே சொன்னேன்? கார்த்தி, உன் டிபியில் இருப்பது யார்?

கார்த்திக்: பாப் மார்லி. வியாசர்பாடியில் பந்து ஆடுகிற பாதிப் பேர் டிபி அவர்தான்.

நிவேதா: எப்படிச் செத்தார்?

கார்த்திக்: சுட்டுவிட்டார்கள்.

நிவேதா: சுட்டது 1976இல். அதில் பிழைத்துக்கொண்டார். மறு வருஷம் கால் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் மெலனோமா என்று தெரிந்தது. பந்து ஆடும்போது பட்ட அடி என்றுதான் முதலில் நினைத்தார்கள். விரலை எடுக்கச் சொன்னதற்கு அவர் ஒப்பவில்லை. 1981 மே 11இல் இறந்தபோது வயது 36.

கார்த்திக்: அக்கா

கார்த்திக்: போன மாதம் ஒருத்தன் ஸ்டட்ஸ் வைத்த ஷூவோடு மிதித்தான். என் நகமும் கறுப்பு 😶

நிவேதா: பயப்படாதே. ரத்தக்கட்டு என்றால் நகம் வளர வளர அதுவும் முன்னால் நகரும். அடியில் புது நகம் வருகிறதா, பார்.

கார்த்திக்: நூல் அளவுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

நிவேதா: நல்லது. போட்டோ எடுத்து வைத்துக்கொள், அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார். நகராமல் நின்றாலோ, கறுப்பு நகத்தைத் தாண்டித் தோலுக்கு வந்தாலோ உடனே சொல்.

8:25
செல்வி அத்தை: நிவேதா, உன் மாமாவுக்கு உள்ளங்காலில் ஒரு கறுப்பு இருக்கிறதே. கெளுத்தி முள் குத்திய இடம்.

ஏழுமலை மாமா: அதை எதற்கு இங்கே போடுகிறாய்?

நிவேதா: முள் எப்போது குத்தியது மாமா?

ஏழுமலை மாமா: இரண்டு மீன்பிடித் தடைக்காலம் ஆச்சு பாப்பா. ஒன்றுமில்லை, வலியே கிடையாது.

செல்வி அத்தை: இருங்கள். முள் குத்தி ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் ஊசி போட்டது வலது காலுக்கு. இந்தக் கறுப்பு இடது காலில் இருக்கிறது.

கார்த்திக்: மாமா 🤦

ஏழுமலை மாமா: கால் ரெண்டும் என்னுதுதானே.

நிவேதா: அத்தை, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள்.

செல்வி அத்தை: (படம்)

நிவேதா: நாணயத்தில் பாதி இருக்கிறது. ஒரு பக்கம் கன்னங்கறுப்பு, இன்னொரு பக்கம் சாம்பல், ஓரம் எலி கடித்த மாதிரி. முதலில் எவ்வளவு இருந்தது?

செல்வி அத்தை: போன தடைக்காலத்தில் கடுகளவு. கால் ஆணி என்று மருந்துக் கடையில் பிளாஸ்திரி கொடுத்தார்கள். இவர் பிளேடால் சீவியும் பார்த்தார்.

நிவேதா: ஐயோ, இனி பிளேடு படவே கூடாது. சும்மா ஒரு மச்சமாகவும் இருக்கலாம், போட்டோவை வைத்து நான் எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் நிறம் கலந்திருக்கிறது, ஓரம் சரியில்லை, வளர்ந்திருக்கிறது. பென்சில் பின்பக்கத்தைவிடப் பெரிதானாலே காட்டச் சொல்வோம். நாளை எட்டு மணிக்கு முன்னால் ஸ்டான்லி தோல் ஓபிக்கு வாருங்கள்.

ஏழுமலை மாமா: நாளைக்கு போட்டுக்குப் பெயின்ட் அடிக்கணும். ஜூன் 14 முடிந்தால் கடலுக்குப் போகணும்.

செல்வி அத்தை: போட்டுக்கு வருஷா வருஷம் பார்க்கிறீர்கள். காலுக்கு ஒரு நாள் பார்த்தால் என்ன?

9:05
பாபு சித்தப்பா: நிவேதா, டிரெய்லர் லாரி ஓட்டி ஓட்டி என் வலது கை மட்டும் இடது கையைவிட இரண்டு மடங்கு கறுப்பு. அதுவும் காட்டணுமா?

நிவேதா: கறுத்ததற்காக வேண்டாம். ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்தாலும் வெயிலில் இருக்கிற யுவிஏ கதிர் உள்ளே வரும், அதனால்தான் அந்த வித்தியாசம். கிரீமுக்குக் காசு போட மனசில்லை என்றால் முழுக்கைச் சட்டை போதும். பூசினால் எஸ்பிஎஃப் 30 என்று போட்ட கிரீம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். காலையில் பூசிவிட்டு மாலைவரை தாங்கும் என்று நினைக்காதீர்கள். நாலு வாரமாக ஆறாத புண் உதட்டில், காதில், எங்கே இருந்தாலும் காட்டணும். ஆயா காலில் ஸ்டவ் வெடித்த தழும்பு இருக்கிறதே, அதில் புதிதாகப் புண் வந்தாலும் அப்படித்தான்.

நிவேதா: மாமா, உங்கள் கண்ணில் மூக்குப் பக்கமாகச் சதை வளர்கிறதே, அதற்கும் வருஷக்கணக்கில் பட்ட வெயிலும் காற்றும்தான் காரணம். தண்ணீரில் பட்டுத் திரும்புகிற வெயிலும் சேர்ந்து கண்ணில் அடிக்கும். தொப்பி போடுங்கள்.

ஏழுமலை மாமா: சரிம்மா டாக்டரம்மா.

திங்கள், காலை 7:38
செல்வி அத்தை: (படம்) ஓபி சீட்டு வாங்கியாச்சு. முகத்தைப் பார், திமிங்கலம் விழுங்கின மாதிரி.

12:10
செல்வி அத்தை: டாக்டர் லென்ஸ் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். மரத்துப் போக ஊசி போட்டு, கொஞ்சம் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் வந்துதான் சொல்வாராம். இப்போதாவது வந்தீர்களே என்றார்.

பாபு சித்தப்பா இந்தச் செய்தியை நீக்கிவிட்டார்.

கார்த்திக்: மாமா, மீதி பெயின்ட் நான் அடிக்கிறேன். பிரஷ் எங்கே?

ஏழுமலை மாமா: வலைக் கூடையில். நாலு மணிக்கு மேல் போ. அடித்து முடித்துவிட்டு மண்ணெண்ணெயில் கழுவி வை, போன தடவை மாதிரி காய விட்டுவிடாதே.