தடைக்காலத்துக்கு என்ன படம் போடலாம்? துயரமான படங்கள் நம் கரைக்கு வேண்டுமா, வேண்டாமா?

வாடைக்காற்று (பாம்பன்)

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும். போன வருஷம் அந்த நாட்களில் எங்கள் மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைக் கட்டி, சின்ன புரொஜக்டர் ஒன்றை வைத்து, வாரம் ஒரு படம் போட்டேன். முதல் படம் இத்தாலி இயக்குநர் விஸ்கோந்தி 1948ல் எடுத்த 'லா தெர்ரா த்ரேமா'. பத்துப் பேர் வந்தார்கள், முடியும்போது மூன்று பேர்தான் மிச்சம். பாதியில் எழுந்தவர்களில் இங்கே எழுதுகிற மடிவலையும் ஒருவர். படி இறங்கும்போது, "நாள் முழுக்கப் பார்க்கிறதையே ராத்திரியும் எதுக்குண்ணே காட்டுறீங்க?" என்று கேட்டார். எனக்கு அப்போது பதில் வரவில்லை. இந்த வருஷத்துக்குப் படங்களை முடிவு செய்யும் முன் அதைப் பேசிவிட வேண்டும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். சிசிலித் தீவில் ஆச்சி த்ரெத்சா என்று ஒரு மீன்பிடி ஊர். நடித்தவர்கள் அத்தனை பேரும் அந்த ஊர்க்காரர்கள், தொழில்முறை நடிகர் ஒருவர்கூட இல்லை. கரையில் நிற்கிற மொத்த வியாபாரி சொல்வதுதான் விலை. ந்தோனி என்ற பையன் இனி பொறுக்க முடியாது என்று வீட்டை அடமானம் வைத்துச் சொந்தத் தொழிலில் இறங்குகிறான். நெத்திலி நிறைய விழுகிறது, வீடே கூடி உட்கார்ந்து உப்புப் போட்டுப் பீப்பாயில் அடுக்குகிறது. அப்புறம் ஒரு புயலில் படகு போய்விடுகிறது. உப்பு நெத்திலியை அதே வியாபாரி அடிமாட்டு விலைக்குக் கேட்கிறான். கடைசியில் ந்தோனி தம்பிகளைக் கூட்டிக்கொண்டு அந்த வியாபாரிகளிடமே கூலிக்குப் போய் நிற்கிறான், அவர்கள் இவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். முன்பணம் வாங்கின கடனுக்காக வியாபாரி சொல்கிற விலைக்கே மீனைப் போட்டுவிட்டு வருகிற நம் ஆட்களுக்கு இது வெளியூர்க் கதையா?

படகு திரும்பாதபோது கறுப்புத் துணி போர்த்திய பெண்கள் பாறை மேல் நின்று கடலைப் பார்க்கிற காட்சி ஒன்று வரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அடித்துக்கொண்டு போனபோது இந்தக் கரையில் பெண்கள் எப்படி நின்றார்கள் என்று அப்பத்தா சொல்லித்தான் கேட்டிருக்கிறேன். அதை நான் கண்ணால் பார்த்தது அந்தப் படத்தில்தான். அதனால்தான் போட்டேன், இந்த வருஷமும் போடுவேன்.

மடிவலை (தங்கச்சிமடம்)

அண்ணே, எழுந்து போனவன் நான்தான். மரியாதைக் குறைவாகப் போகவில்லை.

பதினாறு வயதில் போட்டில் ஏறினவன் நான். படகு வராத ராத்திரி எப்படி இருக்கும் என்று எனக்கு ஒருத்தர் படம் எடுத்துக் காட்ட வேண்டியதில்லை. அம்மா வாசலில் உட்கார்ந்திருப்பாள், அடுப்புப் பற்றவைக்க மாட்டாள், பக்கத்து வீட்டில் யாராவது டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள், அது ஆறிப்போய் ஆடை படிந்து கிடக்கும். அந்தப் பாறைக் காட்சி வந்ததும் எனக்கு அந்த டம்ளர்தான் தெரிந்தது. அதற்கு மேல் உட்கார முடியவில்லை.

உங்களுக்கு அது அப்பத்தா சொன்ன கதை, அதனால் படமாகப் பார்க்க முடிகிறது. கஷ்டப்படுகிறவனுக்கே அவன் கஷ்டத்தைக் காட்டி என்ன ஆகப்போகிறது? காட்ட வேண்டியது அந்த வியாபாரிக்கு, ஆபீசில் உட்கார்ந்திருப்பவருக்கு.

இன்னொன்று, இந்த மாதிரிப் படம் எடுப்பவர்களை நான் அப்படியே நம்புவதும் இல்லை. நீங்கள் கொடுத்த பென்டிரைவில் 'மேன் ஆஃப் ஆரன்' இருந்தது, 1934ல் ஃபிளாஹர்ட்டி எடுத்த அயர்லாந்துத் தீவுப் படம். சின்னப் படகில் போய்ப் பெரிய சுறாவைக் குத்திப் பிடிக்கிறார்கள், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அப்புறம் படித்தால், அந்த ஊரில் அப்படிச் சுறா பிடிக்கிற பழக்கம் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. படத்துக்காக அந்த ஆட்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்துக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். அப்பா, அம்மா, மகன் என்று காட்டியதும் நிஜக் குடும்பம் இல்லை. எவனோ ஒருவன் பார்த்து ரசிக்க இன்னொருவன் உயிரைப் பணயம் வைப்பது நியாயமா? ஆள் தவறிப்போயிருந்தால் அவன் வீட்டுக்கு யார் பதில் சொல்வது?

பாதிப் பேருக்கு இங்கிலீஷ் சப்டைட்டில் படிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சங்குக்கரை (கீழக்கரை)

மடிவலை தம்பி சொன்ன சப்டைட்டில் விஷயம் முக்கியம். 'லா தெர்ரா த்ரேமா'வில் பேசுவது சிசிலிக் கிராமத்துப் பேச்சு. அது மற்ற இத்தாலிக்காரர்களுக்கே புரியாது, அதனால் பின்னணியில் ஒரு குரல் இத்தாலியில் கதையை எடுத்துச் சொல்லும். நாமும் அப்படிச் செய்யலாம். மைக்கைப் பிடித்து ஒருவர் நம் பேச்சில் சொல்லிக்கொண்டே போனால் பெரியவர்கள் உட்கார்ந்து பார்ப்பார்கள்.

ஆனால் கஷ்டப்படுகிறவனுக்குக் கஷ்டத்தைக் காட்டக் கூடாது என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சிங்களத்தில் பிரசன்ன விதானகே 1997ல் எடுத்த 'புரஹந்த களுவர'வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றேகால் மணி நேரம்தான். பட்டாளத்துக்குப் போன மகனின் உடல் என்று சீல் வைத்த பெட்டி வருகிறது, திறக்கக் கூடாது என்கிறார்கள். கண் தெரியாத அப்பா மகன் செத்ததை நம்பவில்லை. நஷ்டஈட்டுப் பணம் வேண்டுமென்றால் அவர் காகிதத்தில் கையெழுத்துப் போட வேண்டும், கூரையோ ஒழுகுகிறது, மகளுக்குக் கல்யாணம் ஆக வேண்டும், இவர் போட மாட்டேன் என்கிறார். கடைசியில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் குழியைத் தோண்டுகிறார். அந்த வேடத்தில் ஜோ அபேவிக்ரம நடக்கிற நடை ஒன்று போதும். அங்கே அரசு படத்தை வெளியிட விடாமல் தடுத்து, உச்ச நீதிமன்றம் வரை போன பிறகுதான் திரையரங்குக்கு வந்தது.

நம் கண்ணுக்கு எதிரே இருக்கிற தீவு. அவர்கள் வீட்டிலும் பெட்டி வந்தது என்று நாம் பார்க்க வேண்டாமா? நம் முகாம்களில் இருப்பவர்கள் எதிலிருந்து தப்பி வந்தார்களோ அதன் மறுபக்கம் இது.

மடிவலை

காக்கா, நல்ல படமாகவே இருக்கட்டும். எங்கள் மாமா கடலில் காணாமல்போனவர். உடல் கிடைக்கவில்லை. ஏழு வருஷம் ஆனால்தான் செத்ததாக எடுத்துக்கொள்வோம் என்று சட்டம். அத்தை அந்த ஏழு வருஷமும் பொட்டை அழிக்கவில்லை, ஒவ்வொரு ஆபீசாக ஏறி இறங்கினாள். பெட்டியைத் தோண்டுகிற படத்தை அத்தையை உட்காரவைத்துப் போடச் சொல்கிறீர்களா?

சங்குக்கரை

இல்லை தம்பி. அத்தையை உட்காரவைத்துப் போடச் சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் படம் தெருவில் போட வேண்டாம், விரும்புகிறவர் தனியாகப் பார்க்கட்டும். படத்தைப் பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை.

பனங்காடு (சாயல்குடி பக்கம்)

நான் கடல் வீட்டுப் பெண் இல்லை, உள்ளே தள்ளி இருக்கிற ஊர். எங்களுக்குத் தண்ணீர்தான் எல்லாம். நாலு சக்கரத் தள்ளுவண்டியில் ஏழெட்டுக் குடத்தை அடுக்கித் தள்ளிக்கொண்டு போகிறதை நீங்கள் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். சின்ன வயதில் காய்ந்த ஓடையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மோந்து மோந்துதான் குடம் நிரப்புவோம். அவசரப்பட்டு அழுத்தி மோந்தால் சேறு கலங்கிவிடும். கலங்கினால் தெளியும்வரை உட்கார வேண்டும், பின்னால் நிற்பவள் திட்டுவாள். ஒரு குடத்துக்கு எவ்வளவு நேரம் என்று யாருமே கணக்குப் பார்த்ததில்லை.

கனேதோ ஷிந்தோ என்ற ஜப்பான்காரர் 1960ல் எடுத்த 'தி நேக்கட் ஐலண்ட்' பார்த்தேன். தண்ணீரே இல்லாத ஒரு சின்னத் தீவில் புருஷன், பெண்டாட்டி, இரண்டு பையன்கள். தினமும் படகில் அக்கரைக்குப் போய், வாளியில் தண்ணீர் எடுத்து, தோளில் தடி போட்டு, செங்குத்தான பாதையில் ஏற்றிக் கொண்டுவந்து, ஒவ்வொரு செடிக்கும் ஒரு அகப்பை ஊற்றுகிறார்கள். ஊற்றியதும் மண் உறிஞ்சிவிடுகிறது. திரும்பவும் போகிறார்கள். பேச்சே கிடையாது, சப்டைட்டில் தேவையில்லை. ஒரு தடவை அவள் கால் தவறி ஒரு வாளி கொட்டிவிடுகிறது. அவன் வந்து ஒரு அறை விடுகிறான். அவ்வளவுதான் காட்சி. நான் படத்தை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். அறைக்காக இல்லை. கொட்டின தண்ணீர் மண்ணில் இறங்குகிறதை அந்தக் கேமரா பார்த்த மாதிரி என் வாழ்நாளில் யாரும் பார்த்ததில்லை.

மடிவலை தம்பி, எனக்கு அது ஆறுதலாக இல்லை, ஆறுதல் தேடிப் போகவும் இல்லை. நாங்கள் செய்த வேலைக்கு ஒரு நேரம் இருந்தது. மற்ற சினிமாவில் தண்ணீர் எடுக்கிற காட்சி என்றால் பாட்டு, இல்லையென்றால் சண்டை. இதில் அந்த நேரத்தை அப்படியே கொடுத்திருக்கிறார்.

இதற்குப் பிறகு தேடித் தேடிப் பார்த்தேன். ரித்விக் கட்டக் 1973ல் பங்களாதேஷில் எடுத்த 'தித்தாஷ் ஏக்தி நதீர் நாம்', மீனவ ஊர்க் கதை, ஆறு வற்றி ஊரே அழிகிறது. கடைசியில் தாகத்தில் சாகக் கிடக்கிற பசந்தி ஆற்று மணலைக் கையால் தோண்டுவாள், குழியில் தண்ணீர் ஊறும். ஊற்று! வங்காளத்திலும் அதே ஊற்று. வினோத்ராஜின் 'கூழாங்கல்' முடிவிலும் பெண்கள் குழியைச் சுற்றி உட்கார்ந்து மோந்துகொண்டிருப்பார்கள். 2021ல் ரோட்டர்டாம் திரைப்பட விழாவில் புலி விருது வாங்கிய படம், மேலூர் பக்கத்து வெயில், 74 நிமிடம்தான். அப்பன் குடித்துவிட்டு மகனை இழுத்துக்கொண்டு நடக்கிற கதை அது, ஆனால் அந்தக் கடைசி நிமிடங்களில் ஒருத்தி பொறுமையாக மோக்கிறதைப் பார்க்கும்போது எனக்கு அப்பனும் மகனும் மறந்தே போனார்கள்.

வாடைக்காற்று

அக்கா சொல்வதைத்தான் நானும் சொல்ல வந்தேன், எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அப்படியென்றால் ஹங்கேரி இயக்குநர் பேலா தாரின் 'தி டூரின் ஹார்ஸ்' உங்களுக்குப் பிடிக்கும். 2011ல் வந்தது, 146 நிமிடத்துக்கு முப்பதே ஷாட். வயதான அப்பாவும் மகளும். அவருக்கு ஒரு கை விளங்காது, உடுப்பு மாற்றிவிடுவதிலிருந்து எல்லாம் மகள்தான். ஆளுக்கு ஒரு அவித்த உருளைக்கிழங்கு, சூட்டோடு விரலால் உரித்து உப்பு தொட்டுத் தின்கிறார்கள். வெளியே காற்று நாள் கணக்கில் நிற்பதில்லை, ஆடி மாதத்தில் தனுஷ்கோடிப் பக்கம் கச்சான் காற்று வீசுகிற மாதிரி. குதிரை தின்ன மறுக்கிறது. அப்புறம் கிணறு வற்றுகிறது. கடைசியில் எண்ணெய் இருந்தும் விளக்கு எரியவில்லை.

பனங்காடு

பார்த்தேன் தம்பி, எனக்கு அது ஒட்டவில்லை. ஷிந்தோ படத்தில் தண்ணீர் ஏன் இல்லை, எங்கே இருக்கிறது, எத்தனை நடை என்று எல்லாம் தெரியும். இதில் கிணறு ஏன் வற்றியது என்று யாரும் கேட்பதே இல்லை, உலகம் முடிகிறது என்பதற்காக வற்றுகிறது. எங்கள் ஊரில் கிணறு வற்றினால் காரணம் இருக்கும். மணல் அள்ளினார்கள், கண்மாயைத் தூர் வாரவில்லை, சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. அதைக் கேட்காத படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எனக்கு வேண்டாம்.

வாடைக்காற்று

இதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன் அக்கா. காரணம் தெரியாமல் நம் கண் முன்னாலேயே எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோகிற பயம் ஒன்று இருக்கிறது. கடலில் மீன் குறைந்துகொண்டே வருகிறது, வேறு வழி தெரியாமல் மறுநாளும் போகிறோம். அந்தப் பயத்தை அந்த உருளைக்கிழங்கில் பார்த்தேன். மூட்டை கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போய், மேட்டைத் தாண்டி, ஏனென்றே சொல்லாமல் திரும்பி வருவார்களே, அந்த இடத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. சரி, மாடியில் போட மாட்டேன். ஆனால் நல்ல ஸ்பீக்கரோ ஹெட்போனோ வைத்து, விளக்கை அணைத்து, காற்றுச் சத்தத்தோடு ஒரு தடவை பாருங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

மடிவலை, பேச்சில்லாத 'நேக்கட் ஐலண்ட்' போட்டால் வருவாயா?

மடிவலை

அண்ணே, ஐந்து நாளாக இதைப் படித்துக்கொண்டிருந்தேன். நான் சொன்னதை மாற்றிக்கொள்ளவில்லை. படகு கவிழ்கிற படத்தை எங்கள் தெருவில் போட வேண்டாம், அதில் நான் அப்படியேதான் நிற்கிறேன்.

ஆனால் அக்கா சொன்ன படத்தை நேற்று போனில் இறக்கி, டிவியில் போட்டு அம்மாவோடு பார்த்தேன். அவன் அறைந்ததும் அம்மா, "பாவிப் பய" என்றாள், வேறு எதுவும் சொல்லவில்லை. மூத்த பையன் செத்து, புதைத்துவிட்டு வந்த பிறகு, அவள் ஊற்ற வேண்டிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, வைத்த செடியைப் பிடுங்கி எறிந்து மண்ணில் விழுந்து அழுவாள் இல்லையா, புருஷன் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்பான். அதில் அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. "இப்ப எந்திரிச்சிருவா பாரு" என்றாள். அவள் எழுந்து திரும்பவும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள்.

படம் முடிந்து டிவியை அணைத்து ரொம்ப நேரம் கழித்து, படுத்துக்கொண்டே கேட்டாள்: "அந்தப் பிள்ளை வாளியில ஒரு வேப்பங்கொத்தப் போட்டுக் கொண்டுவந்திருந்தா தண்ணி தளும்பாதுல்ல, அந்த ஊர்ல வேப்பமரம் கிடையாதோ?"

எந்த வாரம் போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன். கீழே பாய் போதாது, அவளுக்கு முட்டி மடங்காது, ஒரு நாற்காலி வேண்டும்.